பிரைபூர்க் இல்லாத பாதை

ஜேர்மனியில் எங்கள் ஆட்கள் காரில் தூரப் பயணம் போவதென்றால் முதலில் பார்ப்பது பாதையை அல்ல; எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதையே. இரவுத் தங்கல் உறவினர் வீட்டில்தான். வழியில் ஒரு சொந்தம் இருக்க, விடுதியில் அறை எடுத்துத் தங்குவது பல ஆண்டுகளுக்குப் பேசப்படக்கூடிய குற்றம். ஆகவே ஹம்பேர்க்கிலிருந்து தெற்கு நோக்கிய எங்கள் பயணங்கள் நேராகச் செல்வதில்லை. டோர்ட்முண்டில் மேற்கே வளைந்து, ஸ்ருட்கார்ட்டில் கிழக்கே வளைந்து, ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவரின் சாப்பாட்டு மேசையில் போய் முட்டி நிற்கும்.

மனைவி இறந்த பின் வந்த முதற் கோடைக்கு நான் திட்டமிட்ட பயணமும் அவ்வாறே வளைந்தது.

அது மகளுக்கான பயணம். அவளுக்குப் பள்ளியில் இன்னும் ஓராண்டு இருந்தது. பல்கலைக்கழகத்துள் நுழையும்போதே ஒரு துறைக்குள் ஒடுங்கிவிடாமல், மெய்யியலையும் உயிரியலையும் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க இடம் தரும் கல்லூரி ஒன்றுக்குப் போக வேண்டும் என்பது அவள் விருப்பம். ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று சொல்லப்படும் இவ்வகைக் கல்லூரிகள் இந்த நாட்டில் மிகச் சில. எல்லை தாண்டி நெதர்லாந்தில் இன்னும் சில உண்டு. நேரில் போய், வகுப்பில் அமர்ந்து, மாணவரோடு பேசிப் பார்த்த பின்னரே விண்ணப்பிப்பது என்று தாயும் மகளும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். காரை மனைவி ஓட்டுவதாக இருந்தது. எங்கள் வீட்டில் தூரப் பயணங்களை ஓட்டியது எப்போதும் மனைவிதான். நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வாசிப்பவன்.

நோய் முற்றிய பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. மருத்துவமனையில், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு, மனைவி பிரைபூர்க்கைப் பற்றி மகளிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் சன்னலோரம் நின்று கேட்டிருக்கிறேன். நாட்டின் தென்மேற்கு மூலையில், கருங்காட்டின் விளிம்பில் உள்ள ஊர் அது. அங்குள்ள கல்லூரியே மகளின் முதல் விருப்பம். பள்ளி மாணவர்கள் கல்லூரி விடுதியில் தங்கி வகுப்புகளுக்குப் போய்ப் பார்க்கும் அறிமுக நாட்களைக் கோடையில் அங்கே நடத்துகிறார்கள் என்பதைத் தேடிக் கண்டுபிடித்ததும் மனைவிதான். “அங்கை வெயில் கூடவாம். உனக்கு நல்லது” என்று சொன்னது நினைவிருக்கிறது. ஹம்பேர்க்கின் மழையை மனைவி ஒருநாளும் மன்னித்ததில்லை.

மார்கழியில் மனைவி காலமானாள். வைகாசியில்தான் நானும் மகளும் பயணத்தைப் பற்றி மீண்டும் பேசினோம். பேச்சைத் தொடங்கியது நான். மகள் மூன்று ஊர்களைச் சொன்னாள்: லூனபூர்க், பேர்லின், எல்லைக்கு அப்பால் குரோனிங்கன். பதினேழு வயதிலேயே ஓட்டுநர் உரிமம் எடுத்திருந்தாள். பக்கத்தில் பதிவுசெய்யப்பட்ட பெரியவர் ஒருவர் இருந்தால் மட்டுமே இந்த வயதில் ஓட்டலாம். அந்தப் பெரியவராக முதலில் தாய் பதிந்திருந்தாள். பின்னர் நான் என்னையும் பதிந்துகொண்டேன். பாதை போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எல்பே ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, வரும் நாட்களின் நீர்மட்டத்தை முன்கூட்டிச் சொல்லும் பணியில் ஓய்வுபெறும்வரை இருந்தவன் நான். திட்டமிடுதல் ஒன்றே அந்த மாதங்களில் எனக்குக் கைகொடுத்தது.

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன். எங்கெங்கே தங்குவது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போனேன். டோர்ட்முண்டில் என் அக்கா. ஸ்ருட்கார்ட்டில் மனைவியின் பள்ளித் தோழி. கார்ல்ஸ்ரூஹேயில் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை. இவர்களில் சிலர் செத்தவீட்டுக்கு ஒருநாள் வந்து, பனியில் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டுமென்று சுடலையிலிருந்தே விடைபெற்றவர்கள். தோழிக்கு வரவே முடியவில்லை. எங்கள் வழக்கத்தில் அது ஆறாத குறை. துக்கம் விசாரிக்க முடியாமற் போனவரின் வீட்டுக்கு, துடக்கு என்னும் சாத்தீட்டுக் கழிந்தபின் நாமாவது போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அவர்களும் அழுது முடிக்க இயலும்.

மகள் வந்து வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு விரலால் கோட்டைப் பின்தொடர்ந்து, கார்ல்ஸ்ரூஹேயில் நிறுத்தினாள்.

“நான் சொன்ன இடம் ஒண்டும் தெற்கிலை இல்லையே, அப்பா.”

தங்குமிடங்களுக்காக அப்படிப் போகிறது என்றேன்.

“இது நான் படிக்கிற இடம் பாக்கப் போற பயணமோ, அம்மாவுக்கு அழப் போற பயணமோ?”

கோபமாகக் கேட்கவில்லை. இரண்டும்தான் என்று நான் நேர்மையாகவே சொன்னேன்.

“ஒவ்வொரு வீட்டிலையும் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுவினம். பிறகு இடியப்பம் தருவினம். விடிய எழும்பி, வீங்கின கண்ணோடை நான் எந்தப் புரொபெசரோடை என்ன கதைக்கிறது?”

அவள் சொன்னதில் பிழை காண முடியவில்லை. எனினும் வழக்கத்தின் பக்கம் நின்று நான் ஏதோ வாதாடினேன். வாதாடும்போதுதான் வரைபடம் என் கண்ணில் சரியாகப் பட்டது. கோடு கார்ல்ஸ்ரூஹே வரை இறங்கி, அங்கிருந்து வடக்கே திரும்புகிறது. அதற்குக் கீழே, இன்னும் சற்றுத் தூரம் ஓடினால் எட்டக்கூடிய இடத்தில், பிரைபூர்க். அவள் அந்த ஊரின் பெயரைச் சொல்லவே இல்லை என்பதை இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தபின் பிரைபூர்க்குக்கும் போகலாமே என்றேன்.

“பிரைபூர்க் வேண்டாம்.”

“ஏன்?”

“அது கன தூரம், அப்பா” என்று சொல்லிவிட்டு, காய்ந்த உடுப்புகளை மடிக்கப் போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன். கேட்டதற்கு மேல் கேட்பது எனக்குப் பழக்கமில்லை.

அக்கா ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவாள். அந்த ஞாயிறும் பேசினாள். நாங்கள் வருகிறோம் என்றதில் அவளுக்குப் பெரிய ஆறுதல். கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கியாகிவிட்டது என்றாள். மகள் படிக்கப்போவது என்ன என்று மீண்டும் ஒருமுறை விசாரித்தாள். விளக்கினேன்.

“அதென்ன தம்பி, எல்லாத்தையும் படிச்சுப்போட்டு ஒரு வேலைக்கும் போகாத படிப்போ?”

ஏறத்தாழ அப்படித்தான் என்றேன். அக்கா சிரித்தாள். எங்கள் வீட்டில் ஒருவர் சிரித்துக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

“நீயும் தண்ணியை அளந்து சம்பளம் எடுத்தனிதானே. அவள் பிழைச்சுக்கொள்ளுவாள். எங்கை படிச்சாலும் சனி ஞாயிறு அப்பாட்டை வந்து நிக்கிற தூரத்திலைதான் படிப்பன் எண்டு எனக்குச் சொன்னவள். நல்ல பிள்ளை. இந்தக் காலத்திலை ஆர் அப்பிடி நினைக்கிறது? இஞ்சை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

அக்கா பிறகு பேசியவை என் காதில் ஏறவில்லை.

பெருமைப்பட வேண்டிய செய்தி அது. அப்படித்தான் அக்கா அதைத் தந்தாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு வரைபடத்தின் முன் அமர்ந்தேன். நான் குறித்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடக்கும் என்பதை, வரப்போகும் நீர்மட்டத்தைப் போலவே என்னால் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. முதலில் அழுவார்கள். பிறகு என்னைப் பார்த்து, இந்த மனுசன் தனிய என்ன செய்யும் என்பார்கள். அதன்பின் மகளின் தலையைத் தடவி, நல்ல பிள்ளை, அப்பாவை விட்டிட்டுப் போகமாட்டாள் என்பார்கள். டோர்ட்முண்டில் கேட்கும்போது அவள் பேசாமல் இருப்பாள். ஸ்ருட்கார்ட்டில் தலையாட்டுவாள். கார்ல்ஸ்ரூஹேயில் அவளே அதைச் சொல்வாள். பிறகு காரைத் திருப்பி வடக்கே ஓட்டுவாள். எவரும் எதையும் வற்புறுத்தியிருக்கமாட்டார்கள். அன்பைத் தவிர அங்கே வேறெதுவும் இருந்திராது. பிரைபூர்க் மட்டும் இல்லாமற் போயிருக்கும்.

அதற்கான பாதையை, பென்சிலைச் சீவிச் சீவி, நானே போட்டிருந்தேன்.

அவள் அருகில் இருப்பதை நான் விரும்பவில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். அவள் சனிக்கிழமைகளில் வந்து நிற்கும் வீட்டை நான் மனதில் கட்டி முடித்திருந்தேன். அதில் ஒரு நாற்காலியும் குறைவில்லை.

மறுநாள் அக்காவுக்கு நானே அழைப்பெடுத்தேன். பயணத்தை மாற்றுகிறோம், எவர் வீட்டிலும் தங்கவில்லை, விடுதிகளில் தங்கப்போகிறோம் என்றேன்.

“அப்ப நாங்கள் பிறத்தி ஆக்களோ?” என்றாள் அக்கா.

அந்நியர் இல்லை என்றேன். என் முடிவு எதையும் அக்காவிடம் நான் விளக்கிய பழக்கமில்லை. அவளுக்குத் தேவையும் இருந்ததில்லை.

“அக்கா, இந்த வருசம் அவளை நல்ல பிள்ளை எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. சொன்னால் அவள் போகமாட்டாள்.”

“நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?”

“இல்லை. நீங்கள் சொன்னது உண்மை. அதாலைதான்.”

அக்கா அழுகிறாள் என்பது மூச்சில் தெரிந்தது. கார்ல்ஸ்ரூஹேக்கும் ஸ்ருட்கார்ட்டுக்கும் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். நான் சொன்னால் சண்டைதான் வரும் என்றாள்.

“வீட்டை வரவேண்டாம். ஒட்டோபான் றோட்டுப் பக்கத்திலை எங்கையாவது கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. சோறு கட்டிக்கொண்டு வாறன். குடுத்திட்டுப் போயிடுவன். வாயே திறக்கமாட்டன்.”

அக்கா வாய் திறக்காமல் இருந்த ஒரு சந்தர்ப்பத்தையும் நான் அறியேன். இருந்தும் சம்மதித்தேன்.

அன்று மாலை மகளை அழைத்து, வரைபடத்தில் பென்சில் கோடுகளை அழித்திருந்ததைக் காட்டினேன். வடக்கே உள்ள மூன்று ஊர்களும் பிறகு. முதலில் நேரே பிரைபூர்க் என்றேன். அறிமுக நாட்களுக்கான பதிவு இன்னும் திறந்திருப்பதைக் கல்லூரியின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

“மாமி சொன்னவவோ?” என்று என் அக்காவைச் சுட்டிக் கேட்டாள்.

ஓம் என்றேன். அவள் முகம் சிவந்தது. தான் எடுத்த முடிவை இன்னொருவர் அறிந்துவிட்டதன் கோபம் அது, துயரமல்ல. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

“அங்கை போனால் நான் இரவும் அவையோடை விடுதியிலை நிக்கவேணும்.”

“ஓம்.”

“நீங்கள்?”

“ஊருக்குள்ளை ஒரு அறை எடுப்பன்.”

“தனிய இருந்து என்ன செய்வியள்?”

பிரைபூர்க்கின் அந்தச் சில நாட்களைப் பற்றி அவள் கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. பல விடைகள் என்னிடம் தயாராக இருந்தன. வாசிப்பேன், நடப்பேன், அருங்காட்சியகம் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் அவற்றை நம்பியிருக்கமாட்டாள்.

“தெரியாது. தனியத்தான் இருப்பன். சில நாள் அது கஷ்டமாத்தான் இருக்கும். அதைப் பாக்கிறது உன்ரை வேலையில்லை, பிள்ளை.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தாய் இறந்த நாளிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் அப்படிப் பார்த்ததில்லை. ஒருவர் பார்க்கும்போது மற்றவர் ஏதாவது எடுக்க எழுந்து போய்விடுவோம். அன்று எவரும் எழுந்து போகவில்லை. மகள் கன்னத்தைக் கையால் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். பெயர், பள்ளி, வகுப்பு எல்லாவற்றையும் தட்டினாள். பெற்றோருடைய தொடர்பு கேட்ட இடத்தில் கை ஒருகணம் தயங்கியது. பின் என் தொலைபேசி இலக்கத்தை இட்டு, அனுப்பினாள்.

பதிவு உறுதியானதும் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நல்லது என்றேன். இன்னொரு சொல் சொல்லியிருந்தால், போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன்.