கண்டிஷன் இல்லாத அடி

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய நாள்கணக்கில் வரிசைகட்டி நிற்கும். திருவொற்றியூரே அந்த வரிசையைத் திட்டித் தீர்க்கும். அது இன்னும் நீளட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பிறவி செங்கொடி. அதில் சிக்கிய லாரியொன்றை ஓட்டுபவன் அவளுடைய அண்ணன் செங்குட்டுவன். சரக்கு இறங்கிவிட்டால் வீட்டுக்கு வருவான். வந்தால் அடிப்பான்.

அம்மா அப்பா போனபின் வளர்த்தவன் அவன்தான். அதனால் அடிக்கிற கைதான் அணைக்கும் என்று தெருவே அவளுக்குப் பாடம் நடத்தியது. அந்தக் கை அணைத்ததை மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை. முடியைப் பிடித்துச் சுவரில் மோதியதையும், ஸ்டூலைத் தூக்கி முகத்தில் எறிந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கையால் எழுதிய படிவங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது செங்கொடியின் வேலை. 2008-இல் அவள் வேலைபார்த்த கம்பெனி ஒரு புதுப் பிரிவு தொடங்கியது. இது ஏழு, இது ஒன்று என்று ஏராளமான கையெழுத்துகளைக் காட்டிக் காட்டி, மெஷினே படிக்கக் கற்றுக்கொள்ளச் செய்யும் பிரிவு. அதற்கு முதலில் ப்ரோக்ராம் எழுதத் தெரிய வேண்டும்; சி மொழியில் ஒரு தேர்வு. தேறினால் தரமணியில் வேலை, தங்க விடுதி. விடுதி என்ற சொல் ஒன்றே அவளுக்குப் போதும்.

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த தோழி மெஹ்னாஸ் சொல்லிக்கொடுத்தாள்.

"இஃப், எல்ஸ். இது நடந்தா இத்தச் செய்யி, இல்லாங்காட்டி அத்தச் செய்யி. உனக்கு நல்லாத் தெரிஞ்சத வெச்சி எழுது, பாப்போம்."

செங்கொடிக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான்; அதையே எழுதினாள். சோறு ஆறியிருந்தால் அடி விழும். வாசலில் நின்று சிரித்தால் அடி விழும். எதிர்த்துப் பேசினால் அடி விழும். இதெல்லாம் இல்லையென்றால் அடி இல்லை.

மெஹ்னாஸ் அவள் புருவத்திலிருந்த தையலைப் பார்த்தாள்.

"இது எந்தக் கண்டிஷன்ல வந்துச்சி?"

"எதுலயும் வரலடி. சோறு சூடாத்தான் இருந்துச்சி. வாயே தொறக்கல. நான்தான் ஏதோ ஒண்ண வுட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே இன்னொரு வரி சேர்த்தாள்: பேசாமல் இருந்தால் அடி விழும்.

"பேசுனாலும் அடி, பேசாங்காட்டியும் அடி. ரெண்டு பக்கமும் ஒரே பதில் வந்தா அந்தக் கண்டிஷனே வாணாம். தூக்கிக் கடாசு."

சோற்றை அழித்தாள். சிரிப்பை அழித்தாள். பேச்சை அழித்தாள். மிஞ்சியது ஒரே வரி. ப்ரோக்ராமை ஓட்டிப் பார்த்தாள்: அடி விழும். இத்தனை வருஷமாகத் தன்னிடம் குற்றம் தேடித் தேடிச் செத்தது எல்லாம் வீண். அழுகை வருமென்று நினைத்தாள், வந்தது ஆத்திரம்.

தேர்வுக்கு முந்தின நாள் ஞாயிறு. உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வரிசை சட்டென்று நகர்ந்துவிட்டதால் நடுப்பகலிலேயே வந்த அண்ணன் புத்தகத்தைப் பார்த்தான்.

"இன்னாமே இது? எவன் குட்த்தான்?"

"நானே வாங்கினேன். நாளைக்குப் பரீட்சை."

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா? இதுக்குத்தான் நீ ஒத வாங்குறே."

"இதுக்கில்லண்ணா. நீ அடிக்கிறே, அவ்ளோதான். என் மேல காரணம் சொல்லாதே."

புத்தகத்தை விசிறியடித்தான். பிறகு அவளைத் தரதரவென்று இழுத்து, வலது கையை அம்மிமேல் வைத்துக் குழவியால் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். அவள் அலறியும் ஒருவரும் வரவில்லை. மறுபடி குழவியை ஓங்கினான். செங்கொடி இடது கையால் உலைப்பானையை இழுத்து அவன் மார்பில் கொட்டினாள். அவன் போட்ட கூச்சலுக்குத் தெருவே ஓடிவந்தது. அவர்களை விலக்கிக்கொண்டு, நசுங்கிய விரல்களைத் துப்பட்டாவில் சுற்றியபடி அவள் மகளிர் காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

புகார் எழுதிய பெண் போலீஸ் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டாள்.

"கூடப் பொறந்தவன் இப்டி அடிக்கிற அளவுக்கு நீ இன்னாம்மா பண்ணே?"

"அத்தயெல்லாம் எடுத்துட்டேன் மேடம். அண்ணன் அடிச்சான்னு மட்டும் எழுதுங்க."

மறுநாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேர்வை எழுதினாள். தேறித் தரமணிக்குப் போனாள். லாரி வரிசை எதுவரை நிற்கிறது என்று அதன்பிறகு அவள் யாரிடமும் கேட்டதில்லை.