வெட்டிய பக்கத்தில் அக்கா

கணினி வட்டில் ஒரு பகுதியைப் பெரிதாக்குவது சுலபம், சுருக்குவதுதான் ஆபத்து. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. கண்டியில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. யாராவது பிழை விட்டால் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிடுவேன். அங்கே என்னைக் கண்டால் சிலருக்குப் பயம், சிலருக்கு எரிச்சல்.

சொல்லிக் கொடுக்கும்போது, தேயிலைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒற்றை அறையை, லயத்துக் காம்பராவைத்தான் உதாரணம் காட்டுவேன். மகனுக்குக் கல்யாணம் ஆனால் தோட்டத்தில் ஒரே காம்பராவை இரண்டாகத் தடுப்பார்கள். கட்டில், பெட்டி, பானை எல்லாவற்றையும் முதலில் ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். பிறகுதான் தடுப்பு அடிப்பார்கள். வட்டிலும் அப்படித்தான். முதலில் எல்லாவற்றுக்கும் வேறோர் இடத்தில் பிரதி எடுக்க வேண்டும். அடுத்ததாக, உள்ளே கோப்புகள் அடுக்கியிருக்கும் அமைப்பைச் சோதித்து, அதைச் சுருக்க வேண்டும். அது ஒதுங்கிய பிறகே வெளி எல்லையைக் கிட்டக் கொண்டுவர வேண்டும், அதையும் கொஞ்சம் இடம் விட்டு. பெரிதாக்கும்போது வரிசை தலைகீழ்: எல்லை முதலில் நகரும், உள்ளே இருப்பது பின்னால் பரவும். இத்தனையும் ஊருக்குச் செய்த உபதேசம்.

என் அக்கா ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். நோய்க்காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பாடங்களைப் பேசி ஒலிப்பதிவு செய்தாள். பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று அவற்றைப் போனில் இறக்கிக்கொள்வார்கள். பதிவுகளைச் சுத்தம் செய்து அனுப்புவது என் பொறுப்பு.

சுத்தம் செய்ய நிறைய இருந்தது. அம்மா மாநகர சபையில் தெருக் கூட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்க அவளால் முடியாது. அக்கா பின்னத்தை விளக்கிக்கொண்டிருப்பாள். குசினியிலிருந்து அம்மாவின் குரல் வரும். “ஏய், டீ ஊத்தவா?”

“ஐயோ அம்மா, ரெக்கோட் போகுதும்மா!”

“போனா போகட்டும். டீ ஆறிப் போயிருமே.”

அக்கா சிரிப்பாள், வைவாள், மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். நான் அந்தச் சண்டைகளையெல்லாம் வெட்டிவிட்டுப் பாடத்தை மட்டும் அனுப்புவேன். வெட்டாத பதிவுகள் அக்காவின் கணினியில், வட்டின் கடைசிப் பக்கமாகப் போய்ச் சேர்ந்திருந்தன. வேறெங்கும் அவை இல்லை.

பிறகு அக்காவுக்குச் சளி பிடித்தது. மூன்று வாரத்தில் ஆளே இல்லாமல் போனாள். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பின், அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அவ என்னைய வையுறத போட்டு விடுடி.” அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றியதும் அந்தச் சண்டைகளைத்தான் கேட்பாள். அக்கா வையும் இடத்தில் அம்மா பதிலும் சொல்வாள். என்னால் அந்த அறையில் இருக்க முடியாது, எழுந்து போய்விடுவேன்.

பெட்ரோல் வரிசை கண்டி நகரத்தையே சுற்றி நின்ற காலம் வந்தது. பஸ் ஓடவில்லை, வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். அலுவலகக் கோப்புகளை வைக்க என் மடிக்கணினியில் இடம் போதவில்லை. கடைகளில் புது வட்டு கிடையாது, இறக்குமதி நின்றுபோயிருந்தது. அக்காவின் கணினியில் பாதி இடம் சும்மா கிடந்தது. அந்தப் பகுதியைச் சுருக்கி எனக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிரதி எடுக்கத்தான் வட்டு இல்லையே. வேறு யாராவது இதையே என்னிடம் வந்து சொல்லியிருந்தால், “அப்ப செய்யாதீங்க” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருப்பேன். எனக்கு நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத வேலையா என்ற திமிர்.

அது ஒரு சனிக்கிழமை. காலையிலேயே தொடங்கப் போனேன். அம்மா விடவில்லை.

“ராகுகாலம் முடியட்டும். அவ சாமான்ல கை வைக்கிற. நல்ல நேரம் பார்த்து வையி.”

பத்தரைக்கு ராகுகாலம் முடியும். பன்னிரண்டுக்கு, தினசரி மின்வெட்டில் எங்கள் பக்கம் கரண்ட் போகும். இடையில் ஒன்றரை மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் வட்டு கெட்டுவிடும் என்ற பதற்றத்தில், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன்.

சோதனையை ஒழுங்காகச் செய்தேன். அது முடியவே இருபது நிமிடம் ஆனது. அடுத்து உள்ளமைப்பைச் சுருக்கியிருக்க வேண்டும். ஆனால் பதினொரு வருடமாக இந்தக் கைகள் அலுவலகத்தில் செய்ததெல்லாம் பெரிதாக்கும் வேலைதான். இடம் போதாது, இடம் போதாது என்று வருகிறவர்களுக்கு எல்லையை நகர்த்தி நகர்த்திப் பழகிய கை, அன்றைக்கும் முதலில் எல்லையைத்தான் நகர்த்தியது. தகவல்கள் அழியக்கூடும், தொடரவா என்று கணினி கேட்டது. அது எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டேயிருக்கும். ஆம் என்று அழுத்தினேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோயிருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. வெட்டி எடுத்த துண்டில் புதுப் பகுதி அமைத்து, அலுவலகக் கோப்புகளை அரை மணி நேரம் அதற்குள் கொட்டினேன். பிறகுதான் பழைய பகுதியைத் திறக்கப் பார்த்தேன். திறக்க மறுத்தது. என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள் பன்னிரண்டு அடித்து, திரை அணைந்தது.

கரண்ட் வந்ததும் எல்லையைப் பழையபடி திருப்பினேன். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வந்தன. தேதி, அளவு, அக்கா வைத்த தலைப்பு, ஒன்றும் குறையவில்லை. உள்ளேதான் அவள் இல்லை; அவள் குரல் இருந்த இடத்தில் அலுவலகக் கோப்புகள் ஏறியிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு பதிவு ஓடியது: அக்கா உட்காரக் கதிரை இழுபடும் சத்தம், ஓர் இருமல், அவ்வளவுதான். யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. ராகுகாலத்தின்மேல் கோபப்பட்டேன், மின்வெட்டின்மேல் கோபப்பட்டேன், அம்மாமேலும்கூட. பழி என்னுடையது என்று ஒப்புக்கொள்ள ஒரு பகல் ஆனது.

அக்காவின் மாணவிகளில் ஒருத்திக்கு விஷயம் தெரிந்து, பிள்ளைகள் தங்கள் போன்களில் இருந்த பாடங்களை அனுப்பத் தொடங்கினார்கள். நாலைந்து நாளில் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தன. “எல்லாம் கெடைச்சிருச்சே, யானைக்கும் அடி சறுக்கும்” என்று அலுவலகத்தில் ஆறுதல் சொன்னார்கள். வந்தவை எல்லாம் நானே சுத்தம் செய்தவை. ஒரு மூச்சுகூடப் பிசகாமல் அத்தனை நேர்த்தியாக அம்மாவை வெட்டியிருந்தேன். என் வேலைத் திறமையை நான் வெறுத்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவசரத்தில் அழித்துவிட்டேன், திரும்ப வராது, பாடங்கள் மட்டும் இருக்கின்றன என்றேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப அவ என்னையப் பேசுன ஒன்னுகூட இல்லையா?”

“இல்லம்மா.”

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு, “சரி, இருக்கிறதப் போடு” என்றாள்.

பின்னங்கள் பாடத்தைப் போட்டேன். இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை. அம்மா இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காலை மடக்கிச் சப்பணமிட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் கட்டிக்கொண்டு, கடைசிவரை ஒரு சத்தமும் போடாமல் கேட்டாள். பாடத்தின் முடிவில் அக்கா பிள்ளைகளிடம், “எல்லாருக்கும் வெளங்கிச்சா?” என்று கேட்டாள்.

“வெளங்கிச்சுங்க டீச்சர்” என்றாள் அம்மா.