பனியன் டிசைனர்

ஃபேஷன் டிசைனிங் படித்தேன் என்று சொன்னால் எங்கள் சொந்தத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அப்ப ஜாக்கெட் நல்லா தைப்பியா?" தைக்க மாட்டேன். நான் படம் வரைவேன். என் படத்தில் வரும் பெண்களுக்கு ஏழடி உயரம், மூன்று விரல் இடுப்பு, முகத்தில் யார் மேலோ தீராத கோபம். அந்தப் படங்களை ஒரு பெரிய கறுப்பு ஃபைலில் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் கல்கத்தா முழுக்க அலைந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம்.

கூடப் படித்தவர்கள் டெல்லிக்கும் பம்பாய்க்கும் போய்விட்டார்கள். எனக்குக் கல்கத்தாவிலேயே வேலை வேண்டும். அப்பா மத்திய அரசு தணிக்கை அலுவலகத்தில் அதிகாரி. மூன்று ஊர் சுற்றிவிட்டுக் கல்கத்தா வந்தபோது எனக்கு ஏழு வயது. அதற்கப்புறம் எப்படியோ அவரை மறந்துவிட்டார்கள். திடீரென்று ஞாபகம் வந்து, சென்னைக்கு மாற்றல் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது ஊருக்குத் திரும்புவது. எனக்குக் கனவே வங்காளியில்தான் வரும். சென்னையில் ஆட்டோக்காரரிடம் சண்டை போடக்கூட எனக்குத் தமிழ் போதாது.

நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். பவானிபூரில் எங்கள் வீட்டுக்காரர் மனைவியை நான் காகிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன். மாடியில் ஒரு அறை தருவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. நிபந்தனை போட்டார்.

"வேலைன்னா வாயால சொல்றது இல்ல. லெட்டர் வேணும். கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கணும். ரயில் ஏறுறதுக்குள்ள அது என் கைக்கு வரணும். இல்லேன்னா நீயும் பொட்டியக் கட்டு." சொன்னதோடு நிற்காமல் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டு வந்தார். "தேவையில்லேன்னா ஒண்ண கேன்சல் பண்ணிக்கலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று இரவு சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை என்பதில் இன்னும் கோபம்.

பூட்டிக் என்கிற ஃபேஷன் துணிக்கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு அம்மாள், எனக்குப் பணக்காரத் தோழிகள் எத்தனை பேர் என்று கேட்டார். இன்னொருவர் மே மாத வெயிலில், "பூஜை முடியட்டும், வா" என்றார். துர்கா பூஜைக்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. கடைசியில் பேப்பரில் இரண்டு வரி விளம்பரம்: ஹவுராவில் ஒரு பனியன் கம்பெனிக்கு டிசைனர் தேவை. வெள்ளைப் பனியனோடு கலர் டி-ஷர்ட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று அங்கே யாருக்கோ ஆசை வந்திருந்தது. போன் செய்தேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

"பனியனா?" என்றார் அப்பா. "அதுக்குத் திருப்பூருக்கே போயிருக்கலாமே. இவ்ளோ தூரம் வந்து, இவ்ளோ படிச்சு..."

அம்மாவுக்குப் பனியன் பிரச்சினை இல்லை. "வெள்ளிக்கிழம பத்தரைலேருந்து பன்னண்டு ராகு காலம். பதினோரு மணிக்கு எப்படிப் போவே?"

"ராகுவுக்கு ஹவுரா வரைக்கும் டியூட்டியா?"

"ராகுவுக்கு ஏதுடி ஊரு? பத்தரைக்குள்ள அவங்க வாசப்படியத் தாண்டிடு. அப்புறம் உள்ள உக்காந்து பேசிக்கோ."

கத்தினேன், காலை உதைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு நெற்றியில் விபூதியோடு தெருவில் நின்றேன். பஸ், அப்புறம் கங்கையைக் கடக்க லாஞ்ச். ஒருநாளும் நேரத்துக்கு வராத லாஞ்ச் அன்று நேரத்துக்கு வந்து தொலைத்தது. எட்டே முக்காலுக்குக் கம்பெனி வாசலில் இருந்தேன்.

"வேலைக்கா?" என்றார் வாட்ச்மேன். ஆமாம் என்றேன். பொய்யில்லையே. இடதுபக்கம் கையைக் காட்டினார்.

நீளமான கூடம். தரையில் பாய் விரித்து இருபது பெண்கள், நடுவில் கூரையைத் தொடுகிற மாதிரி வெள்ளைப் பனியன் குவியல். மேற்பார்வை பார்த்த பெண்மணியை எல்லோரும் மாஷி என்றார்கள். பெரியம்மா என்று வைத்துக்கொள்ளலாம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்தே வரச் சொன்னா இன்னிக்கு வர்றே. உக்காரு" என்று வங்காளியில் அதட்டி, கையில் ஒரு குட்டிக் கத்தரிக்கோலைத் திணித்தார்.

"இல்ல மாஷி, நான் இன்டர்வியூவுக்கு..."

"இங்க இன்டர்வியூ கின்டர்வியூ கிடையாது. கண்ணு தெரியுதா? அது போதும்."

பதினோரு மணி வரை வெயிலில் நிற்பதா, மின்விசிறிக்குக் கீழே உட்காருவதா? உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், மாஷியை எதிர்த்துப் பேசப் பயமாகவும் இருந்தது. ஃபைலைப் பாய்க்கு அடியில் தள்ளினேன். நூல் மாட்டுகிறதே என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

வேலை இதுதான்: தைத்து வந்த பனியனில் தொங்குகிற நூல் முனைகளை வெட்டிவிட வேண்டும். துணியை ஒட்டி வெட்ட வேண்டும், துணியை வெட்டிவிடக் கூடாது. கத்தரி கொஞ்சம் சறுக்கினால் ஓட்டை, அந்தப் பனியன் அவ்வளவுதான். மூன்று வருடப் படிப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் இருந்தவள் நான் ஒன்று முடிப்பதற்குள் ஐந்து முடித்தாள். நான் தமிழச்சி என்று தெரிந்ததும், மூன்று வேளையும் தோசைதானா என்று கேட்டாள். வங்காளியில் நான் பதிலுக்கு மீனைப் பற்றிக் கேட்க, கூடமே பேச்சில் சேர்ந்துகொண்டது. அரட்டையில் நேரம் போனதே தெரியவில்லை.

அப்போது ஒரு பெரியவர் உள்ளே வந்தார். வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. பெண்கள் பேச்சை நிறுத்தியதில் முதலாளி என்று புரிந்தது. அவர் மாஷியிடம் இந்தியில் புலம்பினார். "காலேஜ் பொண்ணு ஒருத்தி பதினோரு மணிக்கு வரணும். மணி பன்னண்டு ஆகப்போகுது, ஆளையே காணோம். இவங்களுக்கெல்லாம் நேரத்துக்கு வரத் தெரியாது."

ராகுவை ஏமாற்ற வந்து இன்டர்வியூவைக் கோட்டைவிட்டிருந்தேன். பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்.

"நான் எட்டே முக்காலுக்கே வந்துட்டேன்!" என்று எழுந்து நின்றேன். தலையெல்லாம் பஞ்சு, மூக்கில் ஒரு நூல். மாஷி வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நொடி இருபது பேரும் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. ஃபைலைக் கேட்டு வாங்கி, நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். கங்கையின் அலைகளை வைத்து நான் வரைந்த கவுன், கல்லூரியில் பரிசு வாங்கியது.

"இத எப்படித் துவைக்கிறது?"

அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. அவர் ஃபைலை மூடிவிட்டு மாஷியிடம் திரும்பினார். "கை எப்படி?"

மாஷி நான் முடித்த பனியன்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரொம்ப மெதுவு" என்றார். "ஆனா ஒண்ணுல கூட ஓட்டை இல்ல."

"பனியன்ல நீ என்ன டிசைன் பண்ணுவே?" என்றார் முதலாளி.

காலையிலிருந்து கண்ணில் பட்டதைச் சொன்னேன். "கழுத்துக்குப் பின்னாடி லேபிளை நைலான் நூல்ல தைக்கிறீங்க. குத்தும். எங்க அப்பா புதுப் பனியன் வாங்கினா முதல்ல பிளேடை எடுத்து லேபிளத்தான் பிரிப்பார்." அவர் கை தன்னால் பின்கழுத்துக்குப் போனது. கொஞ்ச நேரம் சொறிந்துகொண்டிருந்தார். "சரி, வந்துடு" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. லெட்டர் கேட்டேன். "இங்க யாருக்கும் லெட்டர் கிடையாது. எங்க அப்பா காலத்துலேருந்து வாய் வார்த்தைதான். இதோ மாஷியக் கேளு."

வீட்டில் அப்பா ஒரே வரியில் முடித்தார். "வாய் வார்த்தைய எந்த ஃபைல்ல வைக்கிறது?" ரயிலுக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் அழுத அழுகையில் மாடியிலிருந்து காகிமா இறங்கி வந்துவிட்டார். மறுநாள் சனிக்கிழமை, அப்பாவுக்கு விடுமுறை. காலையில் பார்த்தால் ஆபீஸ் சட்டை போட்டு, குடையை எடுத்துக்கொண்டு நிற்கிறார். "கெளம்பு, அவரப் பாத்துட்டு வரலாம்."

முதலாளிக்கு அதிகாரிகள் என்றாலே கொஞ்சம் கலக்கம் போலிருக்கிறது. இரண்டு தடவை டீ வந்தது. லெட்டர் விஷயத்தை அப்பா தன் ஆபீஸ் இந்தியில் சொன்னதும் அவர் கையை விரித்தார். "சாகேப், எனக்கு அதெல்லாம் எழுத வராது. நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

அப்பா பேனாவைத் திறந்தார். மேஜையில் இருந்த பனியன்களை ஒதுக்கிவிட்டு, ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். கடித எண் ஒன்று. பொருள், பார்வை. வேலை நேரம் எழுதினார். விடுப்பு எழுதினார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சென்னை போய்வரத் தனி விடுப்பு. இருட்டுவதற்கு முன் அனுப்பிவிட வேண்டும். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டார், உடைந்திருக்கிறது என்றார் முதலாளி, அதையும் ஒரு ஷரத்தாக எழுதினார். முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாஷி தாழ்ப்பாளுக்கு மட்டும் பலமாகத் தலையாட்டினார்.

ஆறாவது ஷரத்தை எழுதிவிட்டு அப்பா எனக்குப் படித்துக் காட்டினார். இந்தப் பதவி இடமாற்றத்துக்கு உட்பட்டதல்ல.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, இவங்களுக்கு இருக்கிறதே இந்த ஒரு கட்டடம்தான். எங்க மாத்துவாங்க?"

"இருக்கட்டும்" என்றார் அப்பா. "உன்ன யாரும் மாத்த வேண்டாம்."

என் சிரிப்பு நின்றது. இரண்டு மாதமாக இங்கேயே இருப்பேன், இங்கேயே இருப்பேன் என்று சண்டை போட்டிருக்கிறேன். நான் இருப்பது என்றால் அவர்கள் போவது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. முதல் தடவையாக அந்த மூன்றாவது டிக்கெட்டை நினைத்து வருத்தமாக இருந்தது.

எந்தத் தேதியிலிருந்து என்று எழுதும் இடம் பாக்கி. மாதம் பிறந்ததும் வரட்டும், அவசரமில்லை என்றார் முதலாளி. அப்பா சட்டைப் பையிலிருந்து சின்னக் காலண்டரை எடுத்துப் பார்த்தார்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம எங்களுக்கு ரயிலு" என்று என்னிடம் தமிழில் சொன்னார். "திங்கக்கெழமையே சேந்துடு. அன்னிக்கு வீட்ல தனியா உக்காந்திருக்க வேண்டாம்."

தேதியை எழுதினார். முதலாளி கையெழுத்துப் போடக் கையை நீட்டினார். அப்பா காகிதத்தைக் கொடுக்காமல், மை காயட்டும் என்று சொல்லிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.