உறியில் தொங்கிய வீடு

மோகனூருக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் குடியிருந்த மாரக்காள் தரையை நம்புவதையே விட்டுவிட்டாள். இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளம் அவள் வீட்டில் துடைப்பத்தைக்கூட மிச்சம் வைக்காமல் வாரிக்கொண்டு போயிருந்தது. அன்றிலிருந்து விதைச்சோளம், உப்புச்சட்டி, கல்யாணச் சேலை எல்லாமே பனையோலைக் கூரையில் கட்டிய உறிகளில்தான் தொங்கின. அவற்றில் முட்டி முட்டி, புருஷன் நல்லப்பனுக்கு நெற்றி வீக்கம் வற்றியதே இல்லை.

மேட்டூரில் அணை கட்டி முடித்ததும் அவன் மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

“இனி வெள்ளம் எங்க புள்ள வரப்போவுது? எல்லாத்தையும் எறக்கி வெச்சரலாமா?”

“அந்த அணைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, எறக்கலாம்,” என்றாள் மாரக்காள்.

மறுவருஷம் சித்திரையில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்தது. கூரையை உறிகளோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்று மடுவில் போட்டது. தரையில் கிடந்த ஆட்டுக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

நல்லப்பன் வெகுகாலத்துக்குப் பிறகு தன் வீட்டுக்குள் நிமிர்ந்து நின்றான். தலைக்கு மேலே வானம்தான் இருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் மாரக்காள் ஆற்றைப் பார்த்து முறைத்தாள்.

“வழிய அடைச்சா உட்டுருமுங்களா அது? காத்த அனுப்பி வாங்கிக்கிச்சு பாருங்க.”