ஷாஹீதா சொல்லாதது

பத்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து ஷாஹீதாவுக்குப் பார்வை போயிற்று. இப்போது நாற்பது தாண்டிவிட்டது. மதுரை காஜிமார் தெருவில் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வருகிற போனையெல்லாம் எடுத்துப் பேசுகிற வேலை. டிவி என்றால் அவளுக்கு உயிர். டிவி பார்க்கப் போறேன் என்றுதான் சொல்வாள்.

சீரியலில் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்வரை அவளுக்குக் கஷ்டமில்லை. திடீரென்று இசை மட்டும் ஓடும். யாரோ விசும்புவார்கள், கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், விளம்பரம் வந்துவிடும். அழுதது யார், வெளியே போனது யார் என்று அண்ணன் மனைவி பக்ருன்னிசாவிடம் கேட்டால், முடியட்டும் சொல்றேன் என்பாள். முடிந்ததும் அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

இதற்கெல்லாம் ஒரு காலத்தில் சாருலதா இருந்தாள். கல்லூரியில் கூடப் படித்தவள். ஷாஹீதாவுக்குப் பாடமெல்லாம் வாசித்துக் காட்டியது அவள்தான். தியேட்டருக்குக் கூட்டிப்போய், பக்கத்துச் சீட்டில் சாய்ந்துகொண்டு படம் முழுக்கக் காதில் சொல்வாள். கதாநாயகன் கடிதாசியைக் கிழிக்கப் போனான், கிழிக்காமல் பையில் வைத்துக்கொண்டான் என்பதுவரை சொல்வாள். முன்சீட்டுக்காரர்கள் திட்டினாலும் நிறுத்தமாட்டாள். கூடப் பிறந்த அண்ணனைவிட அவளைத்தான் ஷாஹீதா நம்பினாள்.

அந்தச் சாருலதா இன்று ஓர் உள்ளூர் சேனலில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். டிவி நிகழ்ச்சிகளில் வசனம் இல்லாத இடங்களில் காட்சியை ஒரு குரல் விவரிக்க வேண்டும், அதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்று பார்வையற்றோர் சங்கங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. ஷாஹீதா இருந்த விளாங்குடிச் சங்கமும் மனு மேல் மனு போட்டது. ஒருநாள் சாருலதா வீட்டுக்கே வந்து, இதைப் பற்றி எங்கள் சேனலில் நிகழ்ச்சி போடப்போகிறோம், நீதான் பேச வேண்டும் என்றாள்.

சங்கச் செயலாளர் சங்கிலிக்கு மனம் ஒப்பவில்லை. அவரும் பார்வையற்றவர்தான். கட்டாயமானால் செலவு சேனல்காரர்களுக்கு, அவர்களே நமக்காகப் பேசுவார்களா என்று கேட்டார். சாருவுக்கு நான் பொறுப்பு என்று ஷாஹீதா சொன்னாள்.

வீட்டுக்குக் கேமரா வந்தது. மனதில் இருந்ததையெல்லாம் அவள் கொட்டினாள். "வசனம் கேட்டாலே எங்களுக்குக் கதை புரிஞ்சிரும். இப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறாங்க. அது நெசமில்ல. பாதிக் கதை எங்களுக்கு வாரதே இல்ல" என்றாள். போகும்போது சாருலதா அவள் கையைப் பிடித்து, பிரமாதம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. வீடே டிவி முன்னால் உட்கார்ந்தது. கட்டாயமாக்கினால் சின்ன சேனல்கள் தாங்காது என்று யாரோ ஒருவர் நிதானமாகப் பேசினார். அடுத்து ஷாஹீதாவின் குரல். "வசனம் கேட்டாலே எங்களுக்குக் கதை புரிஞ்சிரும்." அம்புட்டுத்தான். மேலே ஒரு சொல் இல்லை. பார்வையற்றவர்களே இதைக் கேட்கவில்லை என்று சொல்லி நிகழ்ச்சியை முடித்தார்கள்.

பக்ருன்னிசா எழுந்துபோய் டிவியை அணைத்தாள். முதல் போன் சங்கிலியிடமிருந்து. "யாருட்ட வெல போன, ஷாஹீதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துச் சேனல் அலுவலகத்துக்குப் போனாள். சாருலதா அவளைத் தனியறையில் உட்காரவைத்தாள். முதலாளி சொன்னபடி வெட்டினோம், நான் மறுத்திருந்தால் என் வேலை போயிருக்கும், உன்னை ஒன்றும் அசிங்கமாகக் காட்டவில்லையே என்றாள்.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பேச வந்திருக்கமாட்ட."

அப்படியென்றால், வெட்டப்போவது கேமராவோடு வந்த அன்றைக்கே சாருலதாவுக்குத் தெரியும். ஷாஹீதா கேட்டாள்.

"காலேஜுல இருந்து நீ சொன்னதத்தான் நான் பார்த்தேன் சாரு. அதுல எம்புட்ட வெட்டுன?"

"அப்படிக் கேக்காத ஷாஹீ" என்றாள் சாருலதா.

முழுப் பதிவையும் கொடுங்கள் என்று ஷாஹீதா சேனலுக்கு எழுதினாள். அழித்தாயிற்று என்றார்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னாள். சிலர் நம்பினார்கள். நானும் நம்புகிறேன் என்று சங்கிலி சொன்னார். ஆனால் சென்னையில் அதிகாரிகளைப் பார்க்கப் போன குழுவில் அவளைச் சேர்க்கவில்லை. டிவியில் வந்த அதே குரல் அங்கே வேறு மாதிரி பேசினால் யார் காது கொடுப்பார்கள் என்றார்.

தன் பெயரில் தனியாக ஒரு மனு அனுப்பியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. எப்போதாவது சாருலதா கூப்பிடுகிறாள். யார் அழைப்பது என்று போனே வாசித்துச் சொல்லும். ஷாஹீதா அது ஓயும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.