ஒட்டுக்கேட்க முடியாத இரகசியம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், கொழும்பிலிருந்து வந்த பங்குத் தரகர் ஒருவர் பதுளையில் உரையாற்றினார். பங்கொன்றைப் பின்னொரு நாளில் இன்ன விலைக்கு வாங்குவதாக இன்றே ஒப்பந்தம் செய்து, அவ்வொப்பந்தத்தையே விற்றுப் பொருளீட்டும் சந்தைகள் உலகெங்கும் பெருகுகின்றன என்றார். அச்சந்தைகளின் பேச்சைப் பிறர் ஒட்டுக்கேளாதிருக்க, இனி ஒளித்துகள்களில் இரகசியக் குறியீட்டை அனுப்புவார்களாம். எவரேனும் இடைமறித்தால் துகளே மாறிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். அதில் பாதியேனும் அவருக்கே விளங்கியதா என்பது என் ஐயம்.

நான் வாடகைக்கிருந்த வீட்டின் உரிமையாளரான புடைவைக்கடை முதலாளியோ சொக்கிப்போனார். அந்தச் சந்தைக்கு முதற்படியாக, கடைப் பணத்தில் தேயிலைக் கம்பெனிப் பங்குகள் வாங்கினார். கடையில் சரிபாதிக்காரரான மைத்துனர் அறிந்தால் கடை இரண்டாகும். ஆகவே தொலைபேசியில் பங்கின் பெயரைச் சொல்லாமலே விற்க, தரகரிடம் கெஞ்சி இரகசிய எண்ணொன்றும் பெற்றுக்கொண்டார்.

கொழும்புக்குப் பேசினால் கொழும்புவரை கேட்கக் கத்தவேண்டும் என்பது எங்களூர்க்காரரின் அசையாத நம்பிக்கை. கடைத்தெருத் தொலைபேசி நிலையத்தின் கதவில்லாக் கூண்டில் நின்று முதலாளி கத்தினார்:

"நம்பர் சொல்லிட்டேங்க. எந்தப் பங்கா? மச்சானுக்குத் தெரியாம எடுத்தோமே, அந்தத் தேயிலைப் பங்குங்க. வித்துருங்க."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற, பக்கத்து ஊரான பசறைக்குப் போகும் பஸ்ஸின் நடத்துநர் சிரிக்காமலே சொன்னார்: "மொதலாளி, கொழும்புக்குக் கேட்டுச்சோ என்னமோ, பசறைக்குக் கேட்டுருச்சுங்க."

மாலையில் மைத்துனர் தச்சனோடு வந்து, கடையின் நடுவே பலகைத் தடுப்புக்கு அளவெடுக்கச் சொன்னார். முதலாளி என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "லைனை யாரோ ஒட்டுக்கேட்டிருக்காங்க, இல்லீங்களா?"