மேஸ்திரிக்குக் கேட்காத இரைச்சல்

கோமதிநாயகம் டைல்ஸ் மேஸ்திரி. சங்கரன்கோவில்காரர். பதினெட்டு வயதில் திருவனந்தபுரம் வந்து, இப்போது ஐம்பத்துமூன்று ஆகிறது. கரமனையில் வாடகை வீடு. இந்த ஊரில் எத்தனை குளியலறைகளுக்குத் தரை போட்டிருக்கிறார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வயலின் ஸ்பூல் டேப் எத்தனை வைத்திருக்கிறார் என்று கேட்டால் உடனே சொல்வார். அறுபத்தேழு.

ஆரம்பித்தது 2011-இல். கோட்டைக்குள் ஒரு பழைய வீட்டில் குளியலறையை உடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவில் வந்தவர். அந்தச் சூட்டோடு மச்சையும் காலி செய்துவிடலாம் என்று ஏறினார். இரண்டு பெரிய சக்கரம் வைத்த டேப் ரெக்கார்டர் ஒன்றும், அட்டைப்பெட்டியில் பதினோரு ஸ்பூலும் கீழே வந்தன.

"வேணமெங்கில் எடுத்தோ" என்றார்.

கோமதிநாயகம் எடுத்துக்கொண்டார். சும்மா கிடைப்பதை வேண்டாமென்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தார். சாலை பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் யூசுப் பெல்ட்டை மாற்றிக் கொடுத்ததும் மிஷின் ஓடியது. யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம். மறுநாளும் கோமதிநாயகம் அதையே போட்டார்.

"இதுல பாட்டே வராதா?" என்று கேட்டாள் மனைவி பேச்சி.

"வராது. அதான் நல்லாயிருக்கு. பாட்டுன்னா என்ன சொல்லுதான்னு கவனிக்கணும். இது அதுபாட்டுக்குப் போவும்."

அதன் பிறகு வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் "மச்சுல பழைய ஸ்பூல் கெடக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். குளியலறையை உடைக்கிற வீட்டில் பெரும்பாலும் பழையதைக் கழிக்கிற மனநிலையில்தான் இருப்பார்கள். அதனால் நிறையக் கிடைத்தது. வாய்ப்பாட்டு இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடுவார். வயலினை மட்டும் வைத்துக்கொள்வார். ராகம் எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. இந்த ஊர் மழைக்கு டேப்பில் பூசணம் பிடிக்கும் என்பதால் மூடி இறுகிய அரிசி டின்களில் அடுக்கி, செருப்புப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கடை கடையாகக் கேட்டு வாங்கி உள்ளே போட்டார். செருப்புக்கடைக்காரர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது தெரியவில்லை.

போன வருஷம், ஸ்பூல் விஷயம் கேள்விப்பட்டு சாம்பசிவன் வந்தார். ரிட்டயர்டு தணிக்கை அதிகாரி, சங்கீதப் பித்து. மேஸ்திரியிடம் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கலாமே என்று லேப்டாப்போடு வந்திருந்தார். ஒரு ஸ்பூலைப் போட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"மேஸ்திரி, இரைச்சல் ஏகமா இருக்கே. உங்களுக்குக் கேக்கல்லையா?"

"என்ன எரைச்சல் சார்?"

"நன்னா கேளுங்கோ. மழை பெய்யற மாதிரி."

கோமதிநாயகம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்த்தார். வெயில் அடித்தது.

அடுக்களையிலிருந்து பேச்சி சொன்னாள்: "அந்த மழை பதினாலு வருசமா பெய்யுது சார்."

சாம்பசிவன் தன் போனில் கீச்சென்ற ஒரு சத்தத்தை வைத்துக் காட்டினார். பேச்சி காதைப் பொத்திக்கொண்டாள். கோமதிநாயகம் போனைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வரட்டும் என்று காத்திருந்தார்.

அந்த வாரமே காது பரிசோதனைக்குப் போனார். கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அவர் அழுத்தியது குறைவு. பரிசோதித்த ஸ்மிதா ஒரு வரைபடத்தை நீட்டினார். கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் சரிந்து இறங்கியது.

"நல்ல சரிவு. தண்ணி நிக்காது" என்றார் கோமதிநாயகம்.

ஸ்மிதா சிரிக்கவில்லை. "என்ன ஜோலி?"

"டைல்ஸ்."

"கட்டர் உபயோகிக்கும்போ காதுல ஏதெங்கிலும் வைக்குமா?"

"பென்சில் வைப்பேன்."

"சேட்டா, கீச்சுன்னு வர்ற சத்தம் எல்லாம் போயாச்சு. போனது திரும்பி வராது. உள்ளதைப் பாத்துக்கணும்."

திரும்பும்போது பஸ்ஸில் அந்த வரைபடத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். அறுபத்தேழு ஸ்பூலையும் பாதிதான் கேட்டிருக்கிறோமோ, தான் கேட்டது வயலினே இல்லையோ என்ற யோசனையாகவே இருந்தது. அன்று அவர் மிஷினைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

மூன்றாம் நாள் சாம்பசிவன் வந்து விசாரித்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீட்டுல மெதுவா ஓட விட்டுப் பதிஞ்ச டேப்பாக்கும் இதெல்லாம். கீச்சுச் சத்தம் அதுல முதல்லயே கொஞ்சம்தான் இருக்கும். உங்களுக்குப் போனது முக்கால்வாசி இரைச்சல்தான். ஊருல எல்லாரும் அதைப் போக்கத்தான் பாடுபடறா."

இது ஆறுதலா, உண்மையா என்று கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை. ஆனால் மிஷினைப் போட்டார்.

காதுக் கருவி வாங்க நாலு மாதம் ஆயிற்று. அதை மாட்டிக்கொண்டு, தனக்கு ரொம்பப் பிடித்த ஸ்பூலை எடுத்தார். பெட்டியில் பச்சை மையில் 'வயலின் 1971' என்று மட்டும் இருக்கும். முதலில் மழை கேட்டது. பேச்சியிடம், "இதைச் சொல்லக் கூடாதா இத்தனை நாள்?" என்றார். "நீங்க ரசிச்சுக் கேக்கியளேன்னு இருந்தேன்" என்றாள்.

அந்த ஸ்பூலில் ஒரே வரி ஐந்து தடவை வரும். அந்த இடத்துக்காகத்தான் அவர் அதைத் திரும்பத் திரும்பப் போடுவார். அதன் அமைப்பே அப்படி என்று நினைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் இன்னொன்று கேட்டது. வாசித்தவர் 'ச்ச' என்று சூள் கொட்டினார். ஐந்தாவது தடவைக்குப் பிறகு கொட்டவில்லை.

கோமதிநாயகம் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். பிறகு பேச்சியைக் கூப்பிட்டார்.

"தப்பாப் போயி, தப்பாப் போயி வாசிக்கான் மனுசன். கவடியார் வீட்டுல ஒரு மூலைக்கு நான் அஞ்சு தடவை டைல்ஸைப் பேத்து ஒட்டுனேன்லா, அது மாதிரி." அவர் கண் கலங்கியிருந்தது. கருவி புதிது, அதனால்தான் என்றார். காதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பேச்சி கேட்கவில்லை.

சாம்பசிவன் எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி முடிக்க மூன்று மாதம் பிடித்தது. 1971 ஸ்பூல் வந்தபோது, "இது கச்சேரி இல்லை, வீட்டுல பண்ற வெறும் சாதகம். விட்டுடலாம்" என்றார்.

"அப்போ மத்தது எதையும் ஏத்த வேண்டாம் சார்" என்றார் கோமதிநாயகம்.

அதுவும் ஏறியது. 'ச்ச' நான்கும் அப்படியே இருக்கின்றன.

வேலையிடத்தில் இப்போது அவரும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் காதுக்கு மூடி போட்டுக்கொண்டுதான் கட்டரைத் தொடுகிறார்கள். ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்பதில்லை. ஒரு தடவை சமையலறையில் பதிக்க வேண்டிய டைல்ஸைப் பூஜை அறையில் பதித்துவிட்டார்கள்.

போன மாதம் சாம்பசிவன் அவரை ஒரு சபாவுக்குக் கூட்டிப்போனார். கோமதிநாயகம் கச்சேரிக்குப் போவது அதுதான் முதல் தடவை. வயலின் வாசிப்பவரை அதுவரை சினிமாவில்தான் பார்த்திருந்தார். இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் பேச்சி சாப்பாட்டை வைத்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"தரையில உக்காந்துதான் வாசிக்காங்க" என்றார். "சுருண்ட முனையைக் கால்ல ஊனிக்கிடுதாங்க. நான் நின்னுக்கிட்டுல்லா வாசிப்பாங்கன்னு நெனச்சேன்."